சி. ஆர். ராவ்: எலும்பு அளவுகளிலிருந்து மரபணு ஆய்வு வரை

கல்யம்புடி ராதாகிருஷ்ண ராவ் (10 செப்டம்பர் 1920 – 22 ஆகஸ்ட் 2023) இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர். கிராமர்–ராவ் எல்லை, ராவ்–பிளாக்வெல் தேற்றம், ராவின் ஸ்கோர் சோதனை, ராவின் இருபடி என்ட்ரோபி ஆகியவை இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் புள்ளியியல் பாடநூல்களில் இடம்பெறுவதால் மாணவர்களுக்கு நன்கு தெரிந்தவை. பின்னைய இரண்டும் இன்று உயிரித் தகவலியலில், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினி கொண்டு ஆராயும் துறையில், நாள்தோறும் பயன்படுகின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் மேற்கோள் பட்டியலில் ராவின் பெயர் இருப்பதில்லை. ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் இக்காலத்தில், அந்த அளவு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதற்கு ராவின் ஆய்வு வாழ்க்கை நல்லதொரு சான்று.

இளமையும் கல்கத்தா பயணமும்

ராவ் பிறந்த ஹூவின ஹடகளி அன்று சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. இன்று கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்தது. தெலுங்கு பேசும் குடும்பம். தந்தை காவல்துறை ஆய்வாளர். பத்துப் பிள்ளைகளில் எட்டாமவராகப் பிறந்ததால், தேவகியின் எட்டாவது மகனான கண்ணனின் பெயரை இவருக்கு வைத்தனர். தந்தையின் ஓய்வுக்குப் பின் குடும்பம் விசாகப்பட்டினத்தில் குடியேறியது. ராவ் அங்கே ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆய்வு உதவித்தொகை கிடைக்காத நிலையில், இராணுவத்தில் கணிதம் தெரிந்தவர்களுக்கான ஒரு வேலைக்கு நேர்காணல் வர, ராவ் கல்கத்தா சென்றார். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் தங்கியிருந்த தென்னிந்திய விடுதியில், புள்ளியியல் பயிற்சிக்காக அனுப்பப்பட்டிருந்த ஒருவரைச் சந்தித்தார். அவர் வழியாகத்தான் பி. சி. மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றி அறிந்தார். 1941 ஜனவரியில் அங்கே பயிற்சியில் சேர்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய புள்ளியியல் முதுகலைப் படிப்பின் முதல் அணியில் படித்து, 1943இல் தேர்ச்சி பெற்றார்.

வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

படிப்பை முடித்ததும் ராவ் பாடம் நடத்தத் தொடங்கினார். ஒரு நாள் வகுப்பில் ஆர். ஏ. ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்கினார். தரவுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது, ஒரு மதிப்பீட்டின் துல்லியம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்ட முடியாது என்பது அந்த முடிவு. பின்னாளில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்ற வி. எம். தாண்டேகர் அந்த வகுப்பில் மாணவர். தரவுகள் குறைவாக இருக்கும்போதும் இதுபோன்ற எல்லை உண்டா என்று அவர் கேட்டார். ராவிடம் அப்போது விடை இல்லை. வீட்டுக்குச் சென்று அதைப் பற்றியே சிந்தித்து, விரைவிலேயே விடையுடன் திரும்பினார்.

அந்த விடை 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரையில் இடம்பெற்றது. பத்துப் பக்க அளவிலான அந்தக் கட்டுரையில் மூன்று புதிய கருத்துகள் இருந்தன.

முதலாவது, மேற்சொன்ன துல்லிய எல்லை. தரவில் எவ்வளவு தகவல் உண்டோ அதற்கேற்ற துல்லியம்தான் கிடைக்கும். எவ்வளவு திறமையான சூத்திரத்தைக் கொண்டு வந்தாலும் பிழைச்சார்பற்ற ஒரு மதிப்பீடு அதற்கு மேல் துல்லியமாக முடியாது.

இரண்டாவது, ஒரு மதிப்பீட்டைத் தரவின் போதுமான சுருக்கத்தைக் கொண்டு மேம்படுத்தும் வழி. 1947இல் டேவிட் பிளாக்வெலும் தனியாக இதைக் கண்டதால் இது ராவ்–பிளாக்வெல் தேற்றம் ஆயிற்று.

மூன்றாவது, நிகழ்தகவுப் பரவல்களை ஒரு வளைந்த வெளியின் புள்ளிகளாகக் கருதி அவற்றுக்கிடையே தொலைவை அளக்கும் கருத்து. தகவல் வடிவியல் என்ற துறை பிற்காலத்தில் இதிலிருந்து வளர்ந்தது.

துல்லிய எல்லையை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹரால்டு கிராமரும் தனியாகக் கண்டு 1946இல் வெளியான தம் நூலில் எழுதியதால், அது கிராமர்–ராவ் எல்லை எனப்பட்டது. இன்று உயிரணுவுக்குள் ஒளிரும் ஒற்றை மூலக்கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நுண்ணோக்கிப் படத்திலிருந்து எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று கணிப்பவர்களுக்கும் அந்த எல்லையே அளவுகோல்.

கேம்பிரிட்ஜ்: எலும்புகளும் எலிகளும்

ராவின் ஆய்வுகள் உயிரியலோடு பிணைந்திருந்ததற்குக் காரணம் அவர் பணியாற்றிய இடம். மகலனோபிஸ் 1936இல் வெளியிட்ட தொலைவு அளவு மனித உடலளவு ஆய்வுகளிலிருந்து பிறந்தது. உயரம், தலை நீளம், மூக்கின் அகலம் போன்ற பல அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்தத் தொடர்பையும் கணக்கில் கொண்டு, இரு மக்கள் குழுக்கள் எவ்வளவு நெருங்கியவை என்று கூறுவதே மகலனோபிஸ் தொலைவு. 1941இல் ஐக்கிய மாகாணத்தில் எடுக்கப்பட்ட உடலளவுத் தரவுகளைப் பகுத்தாய்ந்து 1949இல் வெளியான அறிக்கையின் ஆசிரியர்களில் மகலனோபிஸ், டி. என். மஜும்தார் ஆகியோருடன் ராவும் ஒருவர்.

சூடானிலுள்ள ஜெபல் மோயா என்னுமிடத்தில் 1911 முதல் 1914 வரை ஹென்றி வெல்கம் அகழாய்வு நடத்தி ஏராளமான மனித எலும்புக்கூடுகளை எடுத்திருந்தார். அவற்றின் அளவுகளை மகலனோபிஸ் முறையில் ஆராய உதவுமாறு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகம் கேட்டது. அதற்காக 1946இல் ராவ் கேம்பிரிட்ஜ் சென்றார். இந்த ஆய்வு 1955இல் நூலாக வெளிவந்தது.

கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியராக இருந்தவர் ஃபிஷர். ராவ் அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். கூடவே ஃபிஷரின் மரபியல் ஆய்வகத்தில் எலிகளை இனப்பெருக்கம் செய்து, எந்த மரபணு எந்த மரபணுவுடன் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்ற பிணைப்பு ஆய்விலும் ஈடுபட்டார். பகலில் ஓரிடத்தில் எலும்பு, இன்னோரிடத்தில் எலி என்று கழிந்த இந்த இரண்டு ஆண்டுகளிலிருந்து 1948இல் இரு முக்கியக் கட்டுரைகள் வெளிவந்தன.

முதல் கட்டுரை எலும்புகளிலிருந்து பிறந்தது. ஓர் உயிரி இரு குழுக்களில் எதைச் சேர்ந்தது என்று அளவுகளைக் கொண்டு பிரித்தறியும் வழியை ஃபிஷர் 1936இல் தந்திருந்தார். அதை எத்தனை குழுக்களுக்கும் பொருந்துமாறு ராவ் விரிவாக்கினார். எலும்புகளின் நீள அகலங்களுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டு அளவுகளை வைத்து, ஒரு கட்டி எந்த வகைப் புற்றுநோயைச் சேர்ந்தது என்று வகைப்படுத்தும் முறைகளில் இதுவும் ஒன்றாயிற்று. நுண்சில்லுகள் வழியாக அத்தகைய தரவுகள் குவியத் தொடங்கிய 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், புதிய முறைகளின் திறனை ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு அடிப்படை அளவாகவும் அமைந்தது.

ஸ்கோர் சோதனை

இரண்டாவது கட்டுரை மரபணுப் பிணைப்புக் கணக்குகளோடு தொடர்புடையது. அதில் ராவ் முன்வைத்ததே ஸ்கோர் சோதனை.

ஒரு கருதுகோள் சரியா என்று சோதிக்க அதற்கு முன் இரு பொது முறைகள் இருந்தன. ஒன்று நெய்மன், பியர்சன் ஆகியோரின் நிகழ்தகைமை விகிதச் சோதனை. மற்றொன்று 1943இல் ஆபிரகாம் வால்டு தந்தது. இவ்விரண்டிலும், கருதுகோள் தவறாக இருந்தால் உண்மை மதிப்பு எதுவாக இருக்கும் என்பதைக் கணக்கிட்டாக வேண்டும்.

ராவின் வழி வேறு. நிகழ்தகைமையை ஒரு மலையாகக் கற்பனை செய்துகொள்வோம். தரவுக்கு மிகவும் பொருந்தும் மதிப்பு மலையுச்சியில் இருக்கும். கருதுகோள் கூறும் மதிப்பு உச்சிக்கு அருகில் இருக்கிறதா என்று அறிய உச்சிவரை ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. நிற்கும் இடத்தில் காலடிச் சரிவை அளந்தாலே போதும். தரை ஏறத்தாழச் சமமாக இருந்தால் கருதுகோளை ஏற்கலாம். தற்செயலாக ஏற்படக்கூடியதை விடச் சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் அதைக் கைவிடலாம். இந்தச் சரிவுக்குத்தான் ஸ்கோர் என்று பெயர்.

கையால் கணக்கிட்ட 1948இல் இது உழைப்பை மிச்சப்படுத்தியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் இதே பண்பு வேறொரு தேவையை நிறைவு செய்தது. நீரிழிவு போன்ற நோய்களோடு எந்த மரபணு வேறுபாடுகள் தொடர்புடையவை என்று தேட, இன்றைய ஆய்வாளர்கள் மரபணுத்தொகுதி முழுவதையும் அலசுகிறார்கள். ஏறத்தாழ 5 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்ட பிரிட்டனின் உயிரி வங்கி போன்ற தொகுப்புகளில் பல லட்சம் மரபணு இடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். வால்டு முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக மாதிரியைப் பொருத்த வேண்டும். ஸ்கோர் சோதனையில், மரபணுவுக்குத் தொடர்பு இல்லை என்று கொள்ளும் மாதிரியை ஒரே ஒரு முறை பொருத்தினால் போதும். வயது, பாலினம், உறவுமுறை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் கடினமான வேலை அத்துடன் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மரபணு இடத்திலும் சரிவை மட்டும் அளந்துகொண்டே போகலாம்.

அரிய மரபணு வேறுபாடுகளைக் கூட்டாகச் சோதிக்க 2011இல் வந்த ஸ்காட் முறையும், மிகப் பெரிய தொகுப்புகளுக்காக 2018இல் வந்த சேஜ் மென்பொருளும் ஸ்கோர் சோதனையின் மேல் எழுப்பப்பட்டவையே.

பன்முகத்தன்மைக்கு ஓர் அளவு

ராவின் நான்காவது பங்களிப்பைப் புரிந்துகொள்ளக் கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் அலையாத்திக் காடு நல்ல எடுத்துக்காட்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இக்காடு அமைந்துள்ளது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இங்கே வளரும் மரங்களில் ஒன்று. அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்குகிறது. இக்காட்டையும் கழிமுகத்தையும் ஆராய்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது: ஓரிடத்தின் உயிர்ப் பன்முகத்தன்மையை எண்ணால் எப்படிச் சொல்வது?

எளிமைக்காக இரு நிலத் துண்டுகளைக் கற்பனை செய்வோம். முதல் துண்டில் அவிசீனியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு இன மரங்கள் சரிபாதியாக உள்ளன. இரண்டாம் துண்டில் ஒரு பாதி அவிசீனியா, மறுபாதி தில்லை. இவை வகைப்பாட்டில் வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. உறவில் மிகத் தொலைவானவை. சிம்ப்சன் அளவு இனங்களின் விகிதத்தை மட்டுமே பார்ப்பதால், இரு துண்டுகளுக்கும் 0.5 என்ற ஒரே விடையைத் தரும். இரண்டாம் துண்டே பன்முகத்தன்மை மிக்கது என்று கண்ணுக்குத் தெரிவதை அது சொல்லாது.

1982இல் வெளியிட்ட கட்டுரையில் ராவ் இதற்கு ஒரு வழி கூறினார். தற்செயலாக இரு உயிர்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சராசரியாக எவ்வளவு? இதுவே இருபடி என்ட்ரோபி. ஒரே பேரினத்தின் இரு இனங்களுக்கிடையே உள்ள தொலைவை 1 என்றும், தில்லைக்கும் அவிசீனியாவுக்கும் இடையே உள்ள தொலைவை 4 என்றும் கொள்வோம். தேர்ந்தெடுக்கும் இரண்டும் வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு பாதி. எனவே முதல் துண்டின் மதிப்பு 0.5, இரண்டாம் துண்டின் மதிப்பு 2. கடல் உயிரியலார் பயன்படுத்தும், வார்விக்கும் கிளார்க்கும் 1995இல் தந்த வகைப்பாட்டுப் பன்முகத்தன்மை அளவு, கணித வடிவில் ராவின் அளவோடு ஒத்தது.

மரங்களின் இடத்தில் டிஎன்ஏ வரிசைகளை வைத்தாலும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு மக்கள்தொகையிலிருந்து தற்செயலாக எடுத்த இரு வரிசைகள் சராசரியாக எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்பதை நெய், லீ ஆகிய இருவரும் 1979இல் நியூக்ளியோடைடு பன்முகத்தன்மை என்று வரையறுத்திருந்தனர். அது ராவின் பொது அளவில் ஒரு தனி நிலையாக அடங்குகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டங்களை ஒப்பிடும் ஆய்வுகளிலும் இந்த அளவு பயன்படுகிறது.

இதன் மற்றொரு பயன், மொத்தப் பன்முகத்தன்மையைக் குழுக்களுக்குள் உள்ளது, குழுக்களுக்கிடையில் உள்ளது என்று பிரித்துக் காட்டுவது. மனிதரின் மரபியல் வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்குள்ளேயே அடங்கியிருப்பதை 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் காட்டியிருந்தார். குழுக்களைப் பிரித்தறிய எலும்புகளையும் மூக்குகளையும் அளப்பதில் ராவின் ஆய்வு தொடங்கியது. குழுக்களுக்குள் இருக்கும் வேறுபாடே பெரிது என்பதைக் காட்டவல்ல கணிதத்தை அதே ராவ் பின்னாளில் பொதுமைப்படுத்தித் தந்தார்.

மேற்கோள் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளிவந்தது. ஆய்வாளரின் தாக்கத்தை ஒரே எண்ணில் சுருக்கும் எச்-குறியீடு 2005இல் வந்தது. இந்தியாவில் 2016 முதல் வெளியாகும் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசையும் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்த எண்கள் இன்று சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவரையும் பாதிக்கின்றன.

ராவின் பங்களிப்புகளுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்த்தால் மூன்று சிக்கல்கள் தெரிகின்றன.

ஒன்று, பெயர் மாற்றம். ஸ்கோர் சோதனையை 1950களின் இறுதியில் எய்ட்சிசனும் சில்வியும் வேறு வழியாக அடைந்து லக்ராஞ்சு பெருக்கிச் சோதனை என்றனர். பொருளியல் அளவையியலில் அந்தப் பெயரே நிலைத்தது. எனவே ஒரே சோதனைக்கான மேற்கோள்கள் இரு பெயர்களில் பிரிந்துபோயின.

இரண்டு, உள்வாங்கலால் மறைதல். ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டால், அதை முதலில் சொன்ன கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் விளக்கினார். மரபணு ஆய்வாளர் தாம் பயன்படுத்திய மென்பொருளை மேற்கோள் காட்டுவார். அந்த மென்பொருளின் ஆசிரியர்கள் தமக்கு முந்தைய முறையைக் காட்டுவார்கள். 1948ஆம் ஆண்டுக் கட்டுரை வரை அச்சங்கிலி பெரும்பாலும் நீள்வதில்லை.

மூன்று, காலமும் இடமும். 1945ஆம் ஆண்டுக் கட்டுரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த, வெளிநாட்டு நூலகங்களில் எளிதில் கிடைக்காத இதழில் வந்தது. இதழின் பெயரை வைத்து மதிப்பிட்டிருந்தால் அது கவனிக்கப்படாமலே போயிருக்கலாம். புள்ளியியலில் திருப்புமுனையாக அமைந்த கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றில் அது 1992இல் மறுபதிப்பானது. வெளிவந்து 78 ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு அந்தக் கட்டுரைக்காக ராவுக்கு வழங்கப்பட்டது.

மாணவர்களும் பிற்காலமும்

மேற்கோள் பட்டியலில் வராத இன்னொரு தாக்கம் மாணவர்கள். 29ஆம் வயதில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பேராசிரியரான ராவ், அங்கே ஆய்வுப் பயிற்சிப் பள்ளியை வளர்த்தார். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். ஆர். எஸ். வரதன் 1963இல் ராவின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்றார். ரஷ்யக் கணித மேதை கோல்மோகரோவ் அவருடைய ஆய்வேட்டின் தேர்வாளர்களில் ஒருவர். நிகழ்தகவுக் கோட்பாட்டில் செய்த பணிக்காக வரதனுக்கு 2007இல் ஏபல் பரிசு கிடைத்தது. சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்த கே. ஆர். பார்த்தசாரதியும் ராவின் மாணவரே. குவாண்டம் நிகழ்தகவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

ராவ் 1967இல் லண்டன் ராயல் கழக உறுப்பினரானார். இந்தியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும், 1988 முதல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். இருபடி என்ட்ரோபிக் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 61. இந்திய அரசு 1968இல் பத்ம பூஷண், 2001இல் பத்ம விபூஷண் விருதுகளை அளித்தது. 2023 ஆகஸ்ட் 22 அன்று தம் 102ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார்.

முடிவாக

ராவின் கருவிகள் மரபணு ஆய்வுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல் தெரியவருவதற்கு முன்பே அவற்றில் பல உருவாகிவிட்டன. ஒரு மாணவரின் கேள்வி, ஒரு பெட்டி நிறைய எலும்பு, ஒரு கூண்டு எலி என்று கையிலிருந்த சிக்கலைத் தீர்க்க முயன்றபோது அவை கிடைத்தன. சிக்கலின் அடிப்படை வரை சென்று தீர்த்ததால்தான், வேறு காலத்தின் வேறு தரவுகளுக்கும் அவை பொருந்தின.

மேற்கோள் எண்ணிக்கையும் ஒரு மதிப்பீடுதான். ஒரு மதிப்பீட்டைக் கையில் எடுத்தால், அது எவ்வளவு துல்லியமானது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதே ராவ் தம் 1945ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து கற்பித்த பாடம். ஆய்வாளர்களை எண்களால் மதிப்பிடும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம். மாணவர்கள் தம் அளவில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும்போது, அதற்குள் இருக்கும் முறை யாருடையது என்று ஒரு படி பின்னால் சென்று பார்த்து, அவருடைய கட்டுரையையும் படித்து, தம் பட்டியலில் சேர்ப்பது.